புகையா, பனியா?

"நெருப்பில்லாமல் புகையுமா?" தெருவில் ஒருவரைப் பற்றி வதந்தி கிளம்பும்போது, ஆதாரம் கேட்பவரின் வாயை அடைக்க இந்த ஒரு கேள்வி போதும். சொல்லப்போனால் இதன் தர்க்கத்தில் குற்றமே இல்லை. புகை இருந்தால் நெருப்பு இருக்கும். இங்கே புகை இருக்கிறது. ஆகவே நெருப்பு இருக்கிறது. தர்க்க வாத்தியார் முழு மதிப்பெண் போட்டுவிடுவார். ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. பார்த்தது புகைதானா?

இந்தியத் தர்க்க நூல்கள் இந்தப் புகையையும் நெருப்பையும் வைத்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பாடம் நடத்தியிருக்கின்றன. தமிழில் அதைத் தேடினால் மணிமேகலைக்குத்தான் போகவேண்டும். அதன் 29ஆவது காதையில், காஞ்சிபுரத்தில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்கு எப்படி வாதிடுவது, எப்படி வாதிடக்கூடாது என்று சொல்லிக்கொடுக்கிறார். கதைக்காகப் படிப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1898ல் இதைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையருக்கே இதிலுள்ள பௌத்தச் சொற்கள் பெரும்பாடாக இருந்திருக்கின்றன.

ஆனால் விஷயம் எளிதுதான். "இந்த மலையில் நெருப்பு இருக்கிறது" என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. "ஏனென்றால் புகை இருக்கிறது" என்பது ஏது, அதாவது காரணம். "அடுக்களையைப் போல" என்பது திட்டாந்தம், எடுத்துக்காட்டு. இதற்குமேல் உபநயம், நிகமனம் என்று இரண்டு படிகள் உண்டு. அவை திட்டாந்தத்திலேயே அடங்கிவிடும் என்று அடிகளே சொல்லிவிடுவதால் நாமும் விட்டுவிடலாம்.

அப்புறம்தான் சுவையான பகுதி வருகிறது. கூற்று, காரணம், எடுத்துக்காட்டு மூன்றும் எப்படியெல்லாம் போலியாக இருக்கலாம் என்று ஒரு நீண்ட பட்டியல். "என் தாய் மலடி" என்பது தன் சொல்லே தன்னை வெட்டும் கூற்றுக்கு உதாரணம். காரணத்தில் வரும் போலிகளில் ஒன்று நம் வதந்திக்காகவே எழுதியதுபோல இருக்கும். தூரத்தில் தெரிவது ஆவியா பனியா என்று ஐயம் தீராதபோதே, அதைப் புகை என்று எடுத்துக்கொண்டு "நெருப்பு உண்டு" என்று துணிவது. தர்க்கம் சரியாக ஓடினாலும், முதலில் உள்ளே போட்ட சரக்கு சரிபார்க்கப்படவில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று வாட்ஸப்பில் செய்தி பறந்தது. நம்பியவர்களை முட்டாள்கள் என்று சொல்லமாட்டேன். பண்ணை இருப்பது உண்மை, வெள்ளம் வந்தது உண்மை, தண்ணீர் ஏறினால் முதலை வெளியே வரலாம் என்பதும் நியாயமான யோசனை. எல்லாக் கண்ணியும் பொருந்தியது. ஒரு முதலைகூடத் தப்பவில்லை என்று பண்ணையே சொல்லவேண்டி வந்தது. செய்தி பொருந்துகிறதா என்று பார்த்தவர்கள், அது நடந்ததா என்று கேட்கவில்லை.

சரி, புகை உண்மையிலேயே புகைதான் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த சோதனைதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. அடுக்களையைக் காட்டினால் மட்டும் வாதம் முடிந்துவிடாது. நெருப்பு இல்லாத இடம் ஒன்றையும் காட்டி, அங்கே புகையும் இல்லை என்று காட்டவேண்டும். அறவண அடிகள் அதற்குக் காட்டுவது நீரை. நீரில் நெருப்பு இல்லை, புகையும் இல்லை. காஞ்சிப் பக்கம் பிறந்தவர் என்று மரபு சொல்லும் பௌத்த அறிஞர் திக்நாகர் இதையே விதியாக வகுத்தார். காரணம் நாம் பேசும் இடத்தில் இருக்கவேண்டும், அதேபோன்ற வேறு இடத்திலும் இருக்கவேண்டும், முடிவு பொருந்தாத இடத்தில் இருக்கவே கூடாது. மூன்றாவது நிபந்தனை தவறினால் காரணம் இரண்டு பக்கமும் பேசும். "ஒலி அழியக்கூடியது, ஏனென்றால் அது அறியப்படுகிறது" என்று ஒருவர் சொன்னால், குடமும் அறியப்படுகிறது, அது அழிகிறது. ஆகாயமும் அறியப்படுகிறது, அது அழியாதது என்கிறார்கள். அப்படியானால் அறியப்படுவதை வைத்து எதைத் தீர்மானிப்பது?

பேருந்தின் முதுகில் ஒட்டியிருக்கும் பயிற்சி மைய விளம்பரத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நாற்பது சிரித்த முகங்கள், ஒவ்வொன்றின் கீழும் மதிப்பெண். எல்லாமே உண்மையாக இருக்கலாம். ஆனால் அத்தனையும் அடுக்களைகள்; நீர் ஒன்றுகூட இல்லை. அங்கே சேர்ந்தும் தேறாதவர்கள் எத்தனை பேர்? சேராமலே தேறியவர்கள் எத்தனை பேர்? ஏற்கெனவே நன்றாகப் படிப்பவர்களை மட்டும் தேர்வு வைத்துச் சேர்த்துக்கொண்டார்களா? இந்த விடைகள் இல்லாமல் நாற்பதை நானூறாக்கினாலும் வாதம் ஒரு அங்குலம் நகராது. கஷாயம் குடித்ததால் சளி போயிற்று என்பதும் இதே ரகம்தான். மருந்து சாப்பிட்டால் ஒரு வாரம், சாப்பிடாவிட்டால் ஏழு நாள் என்று ஊரில் கிண்டலாகச் சொல்வார்களே, அந்த இரண்டாவது பாதிதான் நீர்.

இந்தச் சோதனை மனிதர்களுக்கு ஏன் தானாக வருவதில்லை? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் இதைப் பிடித்துக் காட்டினார். 1966ல் அவர் விவரித்த புதிரை நம் எழுத்துகளில் தருகிறேன். மேஜைமேல் நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். உங்களுக்குத் தெரிவது: அ, க், 4, 7. விதி இதுதான்: ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும். விதி உண்மையா என்று பார்க்க எந்தெந்த அட்டைகளைக் கட்டாயம் திருப்பவேண்டும்?

பெரும்பாலானவர்கள் 'அ'வையும் 4ஐயும் சொல்வார்கள், அல்லது 'அ'வை மட்டும். 'அ' சரி. ஆனால் 4ஐத் திருப்பிப் பயனில்லை. பின்னால் உயிர் இருந்தால் விதிக்குப் பொருந்தும். மெய் இருந்தால் விதி அதைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. திருப்பவேண்டியது 7. அதன் பின்னால் ஒரு உயிரெழுத்து ஒளிந்திருந்தால் விதி அங்கேயே உடைந்தது. நெருப்பில்லாத இடத்தில் புகை இருக்கிறதா என்று தேடுவதும் 7ஐத் திருப்புவதும் ஒரே வேலை. இந்தப் புதிரைச் சரியாகப் போட்டவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. சோதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆனால் 1982ல் ஃப்ளோரிடாவில் ரிச்சர்ட் கிரிக்ஸும் ஜேம்ஸ் காக்ஸும் எண்ணையும் எழுத்தையும் எடுத்துவிட்டு வேறு வேஷம் போட்டார்கள். பீர் குடிப்பவர் 19 வயதைத் தாண்டியிருக்கவேண்டும் என்பது விதி. அட்டைகள்: பீர், கோக், 22 வயது, 16 வயது. மாணவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் பீரையும் 16ஐயும் சரியாகத் திருப்பினார்கள். யார் 22 வயதுக்காரரின் டம்ளரை எட்டிப் பார்க்கப்போகிறார்கள்? கணக்கு அதே கணக்குதான். அடுத்தவர் விதியை மீறுகிறாரா என்று கண்காணிக்கும்போது நமக்குக் கண் கூர்மையாகிவிடுகிறது. சமூகத்தில் ஏமாற்றுபவரைப் பிடிக்க உருவான திறமை இது என்று ஒரு சாராரும், பழக்கமான சூழல்தான் கைகொடுத்தது என்று இன்னொரு சாராரும் மல்லுக்கட்டுகிறார்கள். எனக்கு அந்தச் சண்டையைவிட, திறமை உள்ளே இருந்தும் வெளியே வருவதில்லை என்பதுதான் பெரிதாகத் தெரிகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. புகை இருந்தால் நெருப்பு என்பது சரி; நெருப்பு இருந்தால் புகை? கொல்லன் பட்டறையில் பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்பு இருக்கிறது, புகை இல்லை. விறகு ஈரமாக இருந்தால்தான் புகை. நியாயம் என்ற இந்தியத் தர்க்க மரபினர் இந்த ஈர விறகு போன்ற மறைந்திருக்கும் நிபந்தனையை உபாதி என்றார்கள். வெளியே தெரியும் இரண்டு விஷயங்கள் கைகோத்து வருவதுபோல இருக்கும். உண்மையில் வேலை செய்வது கண்ணில் படாத மூன்றாவது ஒன்று. இதைப் பிடிப்பதுதான் கஷ்டம்.

அப்படி ஒன்றை உலகத்துக்கே சென்னை பிடித்துக் கொடுத்திருக்கிறது. காசநோய் வந்தால் சானடோரியம், அதாவது நல்ல காற்று, சத்தான சாப்பாடு, முழு ஓய்வு. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மருத்துவர்கள் இதை உறுதியாக நம்பினார்கள். தாம்பரத்துக்கு அடுத்த ரயில் நிலையத்தின் பெயரில் அந்தக் காலம் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காசநோயைக் கொல்லும் மருந்துகள் வந்த பிறகும் சானடோரியத்தில் இருப்பதே பாதி மருந்து என்ற எண்ணம் போகவில்லை. அங்கே போனவர்கள் குணமானார்கள், கண்ணுக்கு நேரே. வீட்டிலேயே இருந்து, அதே மருந்தைச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று ஒழுங்காகப் பார்த்தவர்கள் இல்லை.

1956ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்து ஆய்வு மையம் அதைச் செய்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்த முயற்சி. நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளை வீட்டுக்கும் சானடோரியத்துக்குமாகக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். மருத்துவர் கையால் பிரித்திருந்தால், நோய் முற்றியவர்கள் ஒரு பக்கம் குவிந்து இன்னொரு ஈர விறகாகியிருக்கும். இரு தரப்புக்கும் அதே மருந்துகள், ஓராண்டு. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு மட்டம், இடம் நெருக்கடி, ஓய்வும் குறைவு.

1959ல் முடிவு வெளியானது. இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். நோயாளியை வீட்டில் வைத்தால் குடும்பத்துக்கும் தொற்றிவிடும் என்ற பயமும் பலிக்கவில்லை. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பங்களில் புதிதாக நோய் வந்தது, சானடோரியம் போனவர்களின் குடும்பங்களைவிட அதிகமில்லை. தொற்றவேண்டியது பெரும்பாலும் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே தொற்றியிருந்தது. அதற்குப் பிறகு பல நாடுகள் காசநோய்க்குப் படுக்கை கட்டுவதைக் குறைத்து, மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுபோகத் தொடங்கின.