வளர்ப்பாளர் அல்லர், இனம்பெருக்குநர்

சென்ற மாதம் விலங்குநல ஆர்வலர் சிலர் ஒரு துண்டுப்பிரசுரத்தின் வரைவைக் கொண்டுவந்து, பிழை திருத்தித் தரும்படி கேட்டார்கள். நாய், பூனைக் குட்டிகளை வர்த்தகத்துக்காகப் பெருக்கி விற்போரை அனுமதிப்பத்திர முறைக்குள் கொண்டுவரச் சட்டம் வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. அதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் வரைவின் முதல் வரியே ‘நாய் வளர்ப்பாளர்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும்’ என்று தொடங்கியது. தாள் மேசையில் கிடக்கக் கண்டு வாசித்த பக்கத்து வீட்டு அன்ரி, ‘அப்ப எங்கட ஜிம்மிக்கும் லைசன்ஸ் எடுக்க வேணுமோ தம்பி?’ என்று கேட்டார். ஜிம்மி நலமடிக்கப்பட்ட, பல்லுப் போன, படலையடியில் படுத்துக்கிடக்கும் ஓர் ஊர் நாய்.

அன்ரியின் கேள்வியில் பிழையில்லை. ஆங்கிலத்தில் ‘பிரீடர்’ எனப்படுபவரை ‘வளர்ப்பாளர்’ என்று பெயர்த்ததில்தான் பிழை. இந்தப் பெயர்ப்பைச் செய்திகளிலும் அறிக்கைகளிலும் பல காலமாகக் கண்டும் கேட்டும் பொறுத்திருந்தேன்; சட்டம் கேட்கும் தாளிலும் அது வந்து குந்திய பிறகு பொறுக்க முடியவில்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘பிரீட்’ என்பது பழைய ஆங்கிலச் சொல். கோழி அடைகாப்பதைக் குறிக்கும் சொல்லோடு ஒரே வேரில் பிறந்தது. சூடு கொடுத்துக் குஞ்சை வெளிக்கொணர்வது என்பதே அதன் பழம்பொருள். பின்னர் பேணி வளர்த்தல் என்ற பொருளும் அதில் ஒட்டிக்கொண்டது. இன்று விலங்குத் தொழிலில் அதன் பொருள் ஒன்றே: ஆணையும் பெட்டையையும் தெரிந்து சேர்த்துக் குட்டி பெறுதல்.

‘வளர்ப்பாளர்’ என்ற சொல்லை ஆதரிப்போர் இந்தப் பேணுதல் பொருளைக் காட்டி வாதிடுவார்கள். ‘ஆடு வளர்ப்பு, கோழி வளர்ப்பு என்றால் பெருக்குவதும் அதற்குள் அடக்கம்தானே’ என்றும் கேட்பார்கள். கோழியையே எடுத்துப் பார்ப்போம். நம் ஊர்களில் இறைச்சிக்கோழி வளர்ப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒருநாள் குஞ்சுகளை வாங்கி வந்து, தீன் போட்டு, சில கிழமைகளில் விற்றுவிடுபவர்கள். அந்தக் குஞ்சைப் பொரிக்கவைத்து விற்பவர் வேறொருவர். அவருடைய இடத்தைக் குஞ்சு பொரிக்கும் நிலையம் என்கிறோமேயொழிய, கோழி வளர்க்கும் இடம் என்று எவரும் சொல்வதில்லை. பாலுக்கு ஒரு பசுவைக் கட்டி வைத்திருப்பவரும் மாடு வளர்ப்பவர்தான். ஆனால் அந்தப் பசு எந்த இனக் காளையின் கன்றை ஈன வேண்டும் என்பதைப் பெரும்பாலும் கால்நடை வைத்தியரின் ஊசிதான் தீர்மானிக்கிறது. ஆகவே வளர்ப்பும் பெருக்கமும் ஒரே கொட்டிலில் நடக்கும் இடங்களிலும் அவை இரண்டு தொழில்களே.

இதைவிட வலுவான சான்று வீட்டுப் பேச்சிலேயே கிடக்கிறது. பெற்ற தாய், வளர்த்த தாய் என்று நாம் எதிரெதிராக வைத்துப் பேசுகிறோம். வளர்ப்பு மகன் என்றால் பிறர் பெற்ற பிள்ளை என்றுதான் எவருக்கும் விளங்கும். கண்ணனை ஈன்றவள் தேவகி, வளர்த்தவள் யசோதை. ஈனுதலை விலக்குவதற்கென்றே நம் மொழி வைத்திருக்கும் சொல்லை எடுத்து, ஈனச் செய்வதைத் தொழிலாகக் கொண்டவருக்குப் பெயராகச் சூட்டியிருக்கிறார்கள்.

சொல்லாராய்ச்சிக்காரரின் வீண் பிடிவாதம் என்று இதை ஒதுக்குவோர் சட்டங்களின் வாசகத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 2018 ஒக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள ஒழுங்குவிதிகளின்படி, 12 மாதத்துக்குள் மூன்று ஈற்றோ அதற்கு மேலோ நாய்களை ஈனச் செய்து குட்டிகளை விற்பவர் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். அமெரிக்காவின் 1966ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டத்தின் கீழான விதிகளோ பெட்டைகளை எண்ணுகின்றன. இனம்பெருக்க வைத்திருக்கும் பெட்டைகள், நாயும் பூனையும் சேர்த்து, நான்குக்கு மேற்படாவிட்டால், தம் இடத்தில் பிறந்து வளர்ந்த குட்டிகளை மட்டும் விற்பவருக்கு விலக்களிக்கின்றன. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு விதிகள் எட்டு வாரம் ஆகாத நாய்க்குட்டியை விற்கக்கூடாது என்கின்றன. ஈற்றை எண்ணுவதும் பெட்டையை எண்ணுவதும் பெருக்குபவரிடம் மட்டுமே பொருள்படும். ஜிம்மியின் வீட்டில் எதை எண்ணுவது?

இன்னும் ஆபத்தான இடம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் 2020 ஏப்பிரல் 6 முதல், ஆறு மாதத்துக்குட்பட்ட நாய்க்குட்டியையோ பூனைக்குட்டியையோ, அதைத் தாமே பெருக்காத எந்த வணிகரும் விற்க முடியாது. குட்டிப் பண்ணை ஒன்றிலிருந்து மீட்கப்பட்ட லூசி என்ற தாய்நாயின் பெயரால் அதை லூசி சட்டம் என்கிறார்கள். இடைத்தரகரை அகற்றி, வாங்குபவரைத் தாய்நாய் நிற்கும் கூட்டுக்கே போகவைப்பது அதன் நோக்கம். இங்கே ‘பெருக்காத’ என்ற இடத்தில் ‘வளர்க்காத’ என்று எழுதிப் பாருங்கள். எங்கிருந்தோ வந்த குட்டியைக் கடைக் கூட்டில் இரண்டு கிழமை வைத்திருந்து பால் பருக்கிய வியாபாரி, ‘நான் வளர்த்த குட்டியைத்தானே விற்கிறேன்’ என்று கூறித் தப்பிவிடுவார். ஒரு வினைச்சொல் மாறியதும் சட்டம் தான் தடுக்க வந்த ஆளுக்கே வழிவிட்டுவிடுகிறது.

நம் நாட்டுச் சட்டங்களின் இறுதியில், சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையே ஒவ்வாமை ஏற்பட்டால் சிங்கள உரையே மேலோங்கி நிற்கும் என்ற வாசகம் இருப்பதைக் காட்டி, தமிழ்ச் சொல்லுக்கு ஏன் இவ்வளவு மினக்கெட வேண்டும் என்று ஒரு நண்பர் கேட்டார். மினக்கெட வேண்டியதற்கு அதுவே காரணம். சிங்களத்தில் ‘எத்தி கிரீம’ என்றால் வளர்த்தல். இனம்பெருக்குவதற்கு ‘அபிஜனனய’ என்று தனிச்சொல் இருக்கிறது. அங்கே தெளிவாக வேறாக நிற்கும் இரண்டைத் தமிழில் ஒன்றாகக் குழைத்தால், தமிழ் மட்டும் வாசிப்பவர் தம் கடமையைப் பிழையாகவே விளங்கிக்கொள்வார். வளர்ப்பவருக்கான கடமை நம்மிடம் ஏற்கனவே தனியாகவும் உண்டு: 1901ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டத்தின் கீழ் நாயை உள்ளூராட்சி சபையில் பதிய வேண்டும். 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க மிருகவதைத் தடுப்புக் கட்டளைச்சட்டமோ வதையைப் பற்றிப் பேசுகிறதேயன்றி, பெருக்கித் தொழில் செய்வதற்கென ஓர் அனுமதிமுறையை வகுக்கவில்லை. வெற்றிடம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. அதை நிரப்பக் கேட்பவர்கள் அதன் பெயரையாவது சரியாகச் சொல்ல வேண்டாமா?

சரி, எந்தச் சொல்? தமிழ்நாட்டில் ‘இனப்பெருக்கம்’ என்ற சொல் பரவலாக வழங்குவதால், ‘இனப்பெருக்காளர்’ என்று எழுதலாம் என்பார்கள். இனப்பெருக்கம் உயிரி தானே செய்வது. பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் தவளையும் தென்னையும் செய்வது. அதோடு ‘ஆளர்’ சேர்த்தால் அந்த மனிதரே இனம்பெருகுவதாகத் தோன்றுகிறது. எதற்கெடுத்தாலும் ஓர் ஆளரை ஒட்டிவிடும் இந்தக் காலப் பழக்கம் தனியே அழத்தக்கது. இலங்கையில் பழக்கமான ‘இனவிருத்தியாளர்’ எவ்வளவோ மேல். வடசொல் என்பதற்காக மட்டும் அதை நான் தள்ளமாட்டேன். ஆனால் வளர்ச்சியைக் குறிக்கும் வடசொல்லும் தொழிலையும் உரையையும் குறிக்கும் வடசொல்லும் தமிழில் ஒன்றுபோல ‘விருத்தி’ என்றே ஒலிப்பதால், சொல்லுக்குக் கூர் இல்லாமற் போகிறது. அபிவிருத்தி என்று பலகை தோறும் எழுதி எழுதி அந்தச் சொல்லே களைத்தும் போய்விட்டது.

பெருகு என்பது தன்வினை, பெருக்கு என்பது பிறவினை. பெறுநர், இயக்குநர் என்பவற்றைப் போலப் ‘பெருக்குநர்’ என்பது, பிறிதொன்றைப் பெருகச் செய்பவரை ஐயமின்றிக் காட்டும். ஆகவே ‘இனம்பெருக்குநர்’ என்பதே என் தெரிவு. சென்னையிலுள்ள நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, ‘பெருக்குபவர் என்றால் துடைப்பம் பிடிப்பவர் என்று நினைப்பார்களே’ என்று சிரித்தார். நாங்கள் வீடு கூட்டுகிறவர்கள், பெருக்குகிறவர்கள் அல்லர். யாழ்ப்பாணத்தில் அந்த மயக்கத்துக்கு இடமில்லை.

பிழை அந்த ஒரு சொல்லோடு நின்றிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அதே வரைவின் இரண்டாம் பக்கத்தில், ‘ஒரு பெண் நாயிடமிருந்து வருடத்துக்கு ஒரு குப்பைக்கு மேல் எடுக்கக்கூடாது’ என்று ஒரு வரி இருந்தது. மூன்று தரம் வாசித்த பிறகுதான் விளங்கியது. ஒரு தாய் ஒரே தடவையில் ஈனும் குட்டிகளுக்கும் தெருவில் கிடக்கும் குப்பைக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். இயந்திரம் குப்பையைத் தெரிந்தெடுத்திருக்கிறது, மனிதர் ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஈற்று என்ற சொல் நம்மிடம் இருக்கிறதே! தலையீற்றுப் பசு என்றால் சந்தையில் எவருக்கும் விளங்குமே. நாயின் இளமைப்பெயர் குருளை என்று தொல்காப்பியத்தின் மரபியல் வகுத்திருக்கிறது. குட்டி என்று சொல்வதையும் அது தடுக்கவில்லை. ஆகவே குருளையைத் துண்டுப்பிரசுரத்தில் ஏற்றும்படி நான் கேட்கமாட்டேன். பெண்நாய்க்குப் பாட்டி என்ற பெயரும் அங்கே உண்டு. தூய தமிழ் வேண்டுமென்று அதை எழுதினால் அன்ரி என்ன கேட்பாரோ தெரியாது.

இந்தச் சொற்கள் யாரைப் பற்றியவை என்பதை ஒரு முறை நேரில் கண்டிருக்கிறேன். ஓர் ஒழுங்கையின் முடிவில், தகரக் கொட்டிலுக்குள், கம்பிவலைக் கூட்டில் ஒரு அல்சேஷன் பெட்டை. முலைகள் தொங்கி நிலத்தில் உரசின, முதுகெலும்பை எண்ணலாம். கண் திறக்காத ஏழு குட்டிகள். உரிமையாளர் தொலைபேசியில் விலை பேசிக்கொண்டிருந்தார். கடுவனைக் கொண்டுவந்து சேர்த்தவருக்கு ஒரு குட்டி, மீதி ஆறும் விற்பனைக்கு. இது எத்தனையாவது ஈற்று என்று கேட்டேன். அவர் விரல் மடித்து எண்ணத் தொடங்கி, நடுவில் விட்டுவிட்டார்.

வரைவைத் திருத்தித் திருப்பி அனுப்பினேன். மறுநாள், ‘இனப்பெருக்குநர் என்று ஒற்று மிகுந்தல்லவா வரவேண்டும்’ என்று கேட்டு ஒரு குறுஞ்செய்தி வந்தது. மரம் வெட்டுநர் என்பதைப் போல இனத்தைப் பெருக்குநர் என்று விரிவதால் ஒற்று வேண்டாம், மகரம் அப்படியே நிற்கட்டும், சேர்த்தே எழுதுங்கள் என்று பதில் போட்டேன்.