கண்டென்சர், கெப்பாசிட்டர், பீங்கான் மின்தேக்கி

மின்விசிறி ஆமை வேகத்தில் சுற்றினால் எலெக்ட்ரீஷியன் ஏணியில் ஏறுவதற்கு முன்பே "கண்டென்சர் போய்விட்டது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். கைபேசி பழுது பார்க்கும் கடையில் அதையே கெப்பாசிட்டர் என்பார்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் அது மின்தேக்கி. இலங்கைப் பாடநூலில் கொள்ளளவி. பெயர்கள் நான்கு, பொருள் ஒன்று: இரண்டு உலோகத் தகடுகள், நடுவே மின்சாரம் கடக்க முடியாத ஒரு பொருள். அந்த நடுப்பொருள் சூளையில் சுட்டதாக இருந்தால் முன்னால் 'செராமிக்' என்ற அடைமொழி சேர்ந்துகொள்ளும். அதைத் தமிழில் எழுதும்போது எந்தப் பெயரைக் கொள்வது என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில் கண்டென்சர். 1745, 1746 ஆண்டுகளில் ஜெர்மனியின் கிளைஸ்டும் ஹாலந்தின் லைடன் நகரத்து முஷன்புரூக்கும் தனித்தனியே ஒரு கண்ணாடிச் சாடியில் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்தார்கள். மின்சாரம் ஒரு திரவம் என்று நம்பிய காலம் அது. இத்தாலியின் வோல்ட்டா 1782இல் தம் கருவிக்குக் 'கொண்டென்சத்தோரே' என்று பெயர் வைத்தார். திரவத்தை நெருக்கி அடர்த்தியாக்குவது என்று பொருள். நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் கருவிக்கும் அதே பெயர் இருந்ததால் குழப்பம் வந்தது. 1920களிலிருந்து ஆங்கிலத்தில் கெப்பாசிட்டர் மெல்ல மெல்ல அந்த இடத்தைப் பிடித்தது. பழைய பெயர் காரின் பற்றவைப்புப் பகுதியிலும் ஒருவகை மைக்கிலும் நம் மின்விசிறியிலும் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

கெப்பாசிட்டரின் வேர் லத்தீன் மொழியின் 'கபேரே'. கொள்ளுதல், பற்றுதல் என்று பொருள். அந்த வழியில் நேராக வருவது இலங்கையின் கொள்ளளவி. இணையத்தில் அவ்வப்போது தட்டுப்படும் கொண்மி என்ற சொல்லும் கொள்ளுதலையே நினைவூட்டுகிறது. சங்கத் தமிழில் கொண்மூ என்றால் மேகம். மின்னலைப் பெறும் மேகமும் கீழே கிடக்கும் நிலமும் உண்மையிலேயே இரண்டு தகடுகள்தாம், நடுவே காற்று. இயற்கை கட்டிய மாபெரும் மின்தேக்கி அது. அந்த ஒன்றுக்காகவே கொண்மி எனக்குப் பிடிக்கும். ஆனால் கடையில் போய்க் கேட்டால் யாருக்கும் புரியாது.

மின்தேக்கி வேறு வழியில் பிறந்தது. தேங்கு தன்வினை, தேக்கு பிறவினை, தேக்குவது தேக்கி. கடத்தி, பெருக்கி, மின்மாற்றி எல்லாம் அதே வார்ப்பு. நீர்த்தேக்கத்தை அறிந்த எவருக்கும் விளக்கம் தேவையில்லை. இதில் ஒரு குறை சொல்வார்கள்: தேக்கியில் மொத்த மின்னூட்டம் கூடுவதே இல்லை, ஒரு தகட்டில் எவ்வளவு நேர் மின்னூட்டமோ மறு தகட்டில் அவ்வளவு எதிர் மின்னூட்டம், உண்மையில் தேங்குவது ஆற்றல்தான் என்று. சரியான குறைதான். ஆனால் அந்தக் குறை கெப்பாசிட்டருக்கும் உண்டு.

மின்சுற்றில் அது செய்யும் வேலையைப் பார்த்தால் தேக்கி என்ற சொல்லின் பொருத்தம் இன்னும் விளங்கும். ஒரு சிப்புக்குள் ஆயிரக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஒரே கணத்தில் நிலை மாறும்போது, சில நானோ வினாடிக்குள் மின்னோட்டம் வேண்டும் என்று அது கேட்கும். மின்வழங்கி பலகையின் மறு கோடியில் இருக்கிறது. இடையே உள்ள செம்புத் தடத்தின் தூண்டல் திடீர் ஓட்டத்தைத் தடுக்கும். வைகையைத் திறந்துவிட்டால் தண்ணீர் வந்து சேர நாளாகும். வயலுக்குப் பக்கத்தில் கண்மாய் இருந்தால்தான் பயிர் பிழைக்கும். சிப்பின் காலருகே ரவைத் துணுக்குப் போல ஒட்டியிருக்கிறதே, ஒரு மில்லிமீட்டர் நீளமும் அரை மில்லிமீட்டர் அகலமும் கொண்ட பழுப்புத் துகள், அதுதான் அந்தக் கண்மாய். அதைக் காலிலிருந்து தள்ளி வைத்துவிட்டு எத்தனை பெரியதாகப் போட்டாலும் பயன் குறைவு.

இனி செராமிக். கிரேக்க மொழியில் 'கெரமோஸ்' என்றால் குயவர் மண். ஏதென்ஸில் குயவர்கள் வாழ்ந்த பகுதிக்கே கெரமைக்கோஸ் என்று பெயர். ஆனால் இன்றைய செராமிக் மின்தேக்கியில் மண் பெயருக்குக்கூடக் கிடையாது. பெரும்பாலும் இருப்பது பேரியம் டைட்டனேட் என்ற வேதிச் சேர்மம்.

அது வந்த கதைக்கும் நமக்கும் சிறு தொடர்பு உண்டு. இரண்டாம் உலகப்போர் வரை நல்ல மின்தேக்கி என்றால் மைக்கா. நம் ஊரில் அதற்குக் காக்காய்ப்பொன் என்று பெயர். ஏடு ஏடாக உரியும், மினுங்கும், விலை போகாது என்ற கேலி பெயரிலேயே இருக்கிறது. போரில் அது பொன்னாகவே ஆனது. இன்றைய ஜார்க்கண்டின் கோடர்மாவிலிருந்தும் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பக்கத்திலிருந்தும் கப்பலேறிய மைக்கா வானொலிக் கருவிகளுக்குப் போதவில்லை. மாற்றுத் தேடியபோது 1940களில் அமெரிக்கா, சோவியத் நாடு, ஜப்பான் மூன்றிலும் தனித்தனியே பேரியம் டைட்டனேட்டின் குணம் தெரியவந்தது. நடுவே வெற்றிடம் இருப்பதைவிட எத்தனை மடங்கு தேக்க முடியும் என்பதைச் சொல்லும் எண் ஒப்புமை விடுதிறன். அது மைக்காவுக்கு ஏறக்குறைய 6, டைட்டானியம் டை ஆக்சைடுக்குச் சுமார் 100, இதற்கோ ஆயிரங்களில்.

தேக்குதிறனைக் கூட்ட வழிகள் மூன்றே: தகட்டின் பரப்பைக் கூட்டு, இடைவெளியைக் குறை, நடுப்பொருளை மாற்று. பல்லடுக்கு மின்தேக்கி மூன்றையும் ஒருசேரச் செய்கிறது. பேரியம் டைட்டனேட் பொடியைப் பிசினோடு கரைத்துத் தோசை மாவு இழுப்பதைப்போல் மெல்லிய நாடாவாக இழுக்கிறார்கள். அதன்மேல் நிக்கல் பசையை அச்சிட்டு, ஓர் அடுக்கு இடப்பக்கமும் அடுத்தது வலப்பக்கமும் விளிம்பைத் தொடும்படி நூற்றுக்கணக்கில் அடுக்கி, அழுத்தி, துண்டுபோட்டு, 1200 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் சுடுகிறார்கள். நிக்கல் ஆக்சைடாகிவிடக் கூடாது என்பதால் சூளைக்குள் ஆக்சிஜனை மிகக் குறைவாகவே விடுவார்கள். முன்பு பல்லேடியம் போட்டார்கள். அதன் விலை கட்டுப்படியாகாததால்தான் இந்தப் பாடு. இன்றைய நுண்ணிய வகைகளில் ஓர் அடுக்கின் தடிமன் ஒரு மைக்ரானுக்கும் கீழே.

இந்தத் துகளின் மொழியையும் கொஞ்சம் படித்துவிடலாம். பழைய வட்டு வடிவத் தேக்கியில் 104 என்று இருந்தால் 10க்குப் பின் நான்கு பூஜ்யம், பிக்கோ ஃபாரடில் (ஃபாரட் என்பது தேக்குதிறனின் அலகு); அதாவது 0.1 மைக்ரோ ஃபாரட். 'எக்ஸ்7ஆர்' என்ற வகைக்குறியில் எக்ஸ் மைனஸ் 55 டிகிரியையும் 7 பிளஸ் 125 டிகிரியையும் குறிக்கும்; இடைப்பட்ட வெப்பத்தில் தேக்குதிறன் 15 சதவீதத்துக்குமேல் ஏறி இறங்காது என்பதற்கு ஆர். 'ஒய்5வி' 82 சதவீதம் வரை இறங்கலாம்! அதை வடிவமைப்பில் சேர்ப்பவரிடம் எனக்குத் தனிப்பட்ட மனத்தாங்கல் உண்டு. 'சி0ஜி' வகையில் பேரியம் டைட்டனேட் இல்லை. விடுதிறன் குறைவு, ஆனால் அசையாது.

அசைவது வெப்பத்தால் மட்டுமல்ல. 12 வோல்ட் மின்வழங்கி ஒன்றின் வெளியீட்டில் 16 வோல்ட் தாங்கும் 10 மைக்ரோ ஃபாரட் துகளை வைத்துவிட்டு, அலைவு ஏன் அடங்கவில்லை என்று ஒரு மாலை முழுவதும் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் 12 வோல்ட்டைக் கொடுத்தபடியே அளந்து பார்த்தால் மீதம் இருந்தது 4 மைக்ரோ ஃபாரட். மின்னழுத்தம் ஏறஏறப் பேரியம் டைட்டனேட்டின் விடுதிறன் குறையும். உருவம் சிறியதானால் இன்னும் மோசம். தண்ணீர் ஊற்ற ஊற்றச் சுருங்கும் பானை. சும்மா கிடந்தாலும் மூப்படைந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திறன் குறையும். 130 டிகிரிக்குமேல் சிறிது நேரம் சூடாக்கினால் இளமை திரும்பும். பலகையை வளைத்தாலோ விரிசல் விட்டுக் குறுக்குச்சுற்றாகலாம். எத்தனை அடுக்கு இருந்தாலும் அது சுட்ட ஓடுதானே.

கொள்ளளவி என்ற சொல்லை நான் தயங்கித் தள்ளி வைப்பதற்குக் காரணம் இதுதான். அளவு என்றவுடன் மாறாத ஒன்று என்று மனம் எடுத்துக்கொள்கிறது. தேக்கி எந்த அளவையும் வாக்குறுதி தருவதில்லை, செய்யும் வேலையை மட்டும் சொல்கிறது.

செராமிக்குக்குப் பீங்கானா, சுடுமண்ணா? பீங்கான் தமிழ் அல்ல, பாரசீகத்தின் பிங்கான், கிண்ணம் என்று சிலர் மறுப்பார்கள். உண்மைதான். ஆனால் சுடுமண் என்றவுடன் குதிரைச் சிலையும் உறைகிணறும்தான் கண்ணில் வரும். பொருளில் மண்ணும் இல்லை. பீங்கானோ நம் வீட்டு மின்சாரத்தோடு நெடுநாள் பழகிய சொல். பழைய ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கம்பி மாற்றியவர்களுக்கு அந்த வெள்ளைப் பீங்கானின் குளிர்ச்சி விரல்நுனியில் இருக்கும். மின்கம்பத்தின் உச்சியில் கம்பியைத் தாங்குவதும் பீங்கான்தான்.

ஆகவே பீங்கான் மின்தேக்கி. அடுக்கு வகையைக் குறிக்கும்போது பல்லடுக்குப் பீங்கான் மின்தேக்கி. மின்தேக்கியை ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுவது நல்லது, தேடும்போது கிடைக்கும். மின்விசிறியில் இருப்பதைப் பீங்கான் என்று எழுதிவிட வேண்டாம். அது உலோகம் பூசிய பிளாஸ்டிக் படலச் சுருள். எலெக்ட்ரீஷியன் அதைக் கண்டென்சர் என்றே சொல்லிக்கொள்ளட்டும், வோல்ட்டா கோபிக்க மாட்டார்.