பாட்டி தின்ற சோறும் தசையின் இரண்டாவது சாவியும்

போன வாரம் ஒரு குரல் பதிவு வந்தது. அனுப்பியவர் என் பழைய மாணவர். இப்போது முப்பத்தெட்டு வயது. கெடா மாநிலத்தின் பீடோங் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிப் போகும் லாரி ஓட்டுகிறார். "டீச்சர், கிளினிக்குல இனிப்பு நீர் ஆரம்பம்னு சொல்லிட்டாங்க. சோத்தக் கொறைக்கணுமாம், ஒடம்புப் பயிற்சி செய்யணுமாம். எங்க பாட்டி மூனு வேளையும் சோறுதான் சாப்பிட்டாங்க, ஒன்னும் வரல. நான் அதுல பாதிகூட சாப்பிடறதில்ல. எனக்கு மட்டும் ஏன் டீச்சர்? ஜிம்முல சேந்தா சரியாயிடுமா?"

இதே கேள்வியைக் கல்யாண வீட்டிலும் கேட்டிருக்கிறேன், கோயில் திடலிலும் கேட்டிருக்கிறேன். 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். அதனால் அந்தத் தம்பிக்கு அனுப்ப நினைத்த பதிலைக் கொஞ்சம் விரிவாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் பாட்டி. அவருக்கு ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருந்தது என்று அந்தக் காலத்தில் யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். அதனால் நோய் இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவர் என்ன வேலை செய்தார் என்று நமக்குத் தெரியும். பொழுது விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்குப் போனார். ஒரு நிரைக்கு நானூறு, ஐந்நூறு ரப்பர் மரம். ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று, குனிந்து, குந்தி, உளி பிடித்துப் பட்டையைச் சீவி, பால் வடியும் கிண்ணமான மங்கை வைத்து அடுத்த மரத்துக்கு நடந்தார். பிறகு அதே மரங்களை மறுபடி சுற்றி வந்து பால் எடுத்தார். தோளில் காண்டா எனும் காவடித் தடியைப் போட்டு இரண்டு பக்கமும் வாளி தொங்க, மேடு பள்ளத்தில் நடந்து நிறுவை இடத்துக்கு வந்தார். அந்தச் சோற்றுக் குவியல் போன இடம் இந்தக் கால்களும் முதுகும்தான். எப்படிப் போனது என்பதில்தான் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நம் உடம்பில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம். வெறும் வயிற்றில் சர்க்கரை அளவு லிட்டருக்கு 5 மில்லிமோல் என்று கருவி காட்டினால், அத்தனை ரத்தத்திலும் கரைந்திருக்கும் குளுக்கோஸ் மொத்தம் நாலரை கிராம். ஒரு தேக்கரண்டி சீனி, அவ்வளவுதான். இப்போது 300 கிராம் சோறு சாப்பிடுகிறீர்கள். அதில் 80 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. அது செரித்து, ரத்தத்தில் இருப்பதைப் போலப் பதினேழு, பதினெட்டு மடங்கு குளுக்கோஸ் இரண்டு மூன்று மணி நேரத்தில் உள்ளே வந்து கொட்டுகிறது. வந்ததை வந்த வேகத்தில் யாராவது எடுத்து வைக்க வேண்டும். கல்லீரல் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், அதன் கொள்ளளவு 100 கிராம் போல. பெரிய கிடங்கு தசைதான். உடம்புத் தசைகள் எல்லாம் சேர்ந்து 400 கிராம் அளவுக்கு குளுக்கோஸைக் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சங்கிலியாகக் கோத்து வைத்துக்கொள்ளும்.

கிடங்கு பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, உள்ளே போக வழி வேண்டும். செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது. நீரில் கரையும் குளுக்கோஸ் அதைத் தானாகத் தாண்டாது. அதற்கென்று ஒரு புரதக் கதவு உண்டு, பெயர் குளூட்-4. இந்தக் கதவின் குணமே தனி. நம் வீட்டுக் கதவு சுவரிலேயே பொருத்தியிருக்கும், திறப்போம், மூடுவோம். தசைச் செல்லோ கதவைக் கழற்றி வீட்டுக்குள்ளே வைத்திருக்கிறது! ஓய்வாக இருக்கும்போது பெரும்பாலான குளூட்-4 கதவுகள் செல்லின் உட்புறத்தில், மிகச் சிறிய கொழுப்புக் குமிழிகளில் பதிந்து காத்திருக்கின்றன. வெளியே எவ்வளவு சர்க்கரை மிதந்தாலும் அவை அசையாது. ஆணை வந்தால் அந்தக் குமிழிகள் செல்லுக்குள் இருக்கும் இழைகளைப் பிடித்துக்கொண்டு மேற்பரப்புக்கு நகரும், சவ்வோடு ஒட்டும், ஒன்றாகக் கலக்கும். குமிழியின் சுவர் செல்லின் சுவராகிவிடும். அதில் பதிந்திருந்த கதவு இப்போது வெளியைப் பார்த்து நிற்கும். குளுக்கோஸ் உள்ளே பாயும். வேலை முடிந்ததும் அந்த இடம் மறுபடி உள்ளே குழிந்து, குமிழியாகி, கதவோடு திரும்பிப் போய்விடும். உங்கள் தொடையில் இது ஓயாமல் நடந்துகொண்டே இருக்கிறது.

ஆணை கொடுப்பது யார்? பள்ளியில் படித்த பதில் இன்சுலின். 1921-இல் டொரோண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் கண்டுபிடித்த கதை எல்லாருக்கும் தெரியும். கணையம் இன்சுலினை விடுகிறது, அது தசைச் செல்லின் வாசலில் வந்து தட்டுகிறது, செய்தி கைமாறிக் கைமாறி உள்ளே போகிறது. உள்ளே ஒரு காவல் புரதம் குமிழிகளைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கும். செய்தி வந்ததும் அதன்மேல் ஒரு பாஸ்பேட் முத்திரை விழுகிறது, பிடி தளர்கிறது, குமிழிகள் புறப்படுகின்றன. இரண்டாம் வகை நீரிழிவில் கெட்டுப்போவது இந்த அஞ்சல் வழிதான். வாசலில் இன்சுலின் தட்டிக்கொண்டே இருக்கும், செய்தி மட்டும் உள்ளே சரியாகப் போய்ச் சேராது. கதவுகள் உள்ளேயே கிடக்கும், சர்க்கரை வெளியே தேங்கும்.

ஆனால் அந்தக் குமிழிகளை அவிழ்த்துவிட இன்னொரு சாவியும் உண்டு. தசை சுருங்குவதுதான் அது.

காலை மடக்கி நீட்டும்போது தசைச் செல்லுக்குள் கால்சியம் பாய்கிறது. ஏடிபி எனும் எரிபொருள் செலவாகிறது. எரிபொருள் குறைவதை மோப்பம் பிடிக்கும் ஏ.எம்.பி.கே. என்ற நொதி விழித்துக்கொள்கிறது. அது போய் முத்திரை குத்துவது அதே காவல் புரதத்தின் மீதும் அதன் உடன்பிறப்பு மீதும்! வாசலில் யாரும் தட்டவில்லை. இன்சுலினின் அஞ்சல் வழி முழுக்க ஒதுங்கி நிற்கிறது. குமிழிகள் மேலே வருகின்றன, கதவு பொருந்துகிறது, சர்க்கரை உள்ளே போகிறது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களின் தசையிலும் இந்த வழி பெரும்பாலும் பழுதில்லாமல் வேலை செய்கிறது. முதன்முதலில் இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

லண்டன் மருத்துவர் லாரன்ஸ் 1926-இலேயே, உடற்பயிற்சி செய்தால் இன்சுலின் அதிகமாக வேலை செய்கிறது என்று எழுதிவிட்டார். அவரே நீரிழிவு நோயாளி. எனக்கு நெருக்கமான சோதனை ஒன்று கோபன்ஹேகனில் எரிக் ரிக்டர் குழு செய்தது. ஆட்களை உட்கார வைத்து ஒரே ஒரு காலால் மட்டும் உதைத்து உதைத்துப் பயிற்சி செய்யச் சொன்னார்கள். மற்றக் கால் சும்மா இருந்தது. சில மணி நேரம் கழித்து இன்சுலின் ஏற்றி, ஒவ்வொரு காலும் எவ்வளவு சர்க்கரையை எடுக்கிறது என்று தனித்தனியாக அளந்தார்கள். ஒரே ஆள், ஒரே ரத்தம், ஒரே இன்சுலின். உழைத்த கால் அதிகம் எடுத்தது, சும்மா இருந்த கால் அவ்வளவு எடுக்கவில்லை. அதாவது பயிற்சியின் பலன் உழைத்த தசையிலேயே தங்குகிறது. பயிற்சி நின்ற பிறகும் அந்தத் தசை ஒரு நாள், இரண்டு நாள் வரை இன்சுலினுக்குக் கூடுதலாகக் காது கொடுக்கிறது. அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள் என்கிறார்கள். வாரக்கணக்கில் தொடர்ந்தால் செல் கதவுகளையே கூடுதலாகச் செய்து வைத்துக்கொள்ளும். விட்டுவிட்டால் சில நாட்களிலேயே அவை குறையத் தொடங்கும்.

அந்தக் காவல் புரதத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2014-இல் கிரீன்லாந்து மக்களை ஆராய்ந்தபோது, அதற்குரிய மரபணுவில் ஒரு மாற்றம் அங்கே பரவலாக இருப்பதைக் கண்டார்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் வந்தவர்களுக்குத் தசையில் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை, நீரிழிவு வரும் வாய்ப்பு பல மடங்கு. கிரீன்லாந்தின் மக்கள்தொகை அறுபதாயிரத்துக்கும் குறைவு. அவ்வளவு சிறிய சமூகத்தை ஆராயவும் ஒருவர் பணம் ஒதுக்கியதால் கிடைத்த உண்மை இது. இப்படி ஓர் ஆய்வு நம் தோட்டத்து மக்களிடம் நடக்க வேண்டும் என்பது என் தீராத ஆசை. உடல் உழைப்பு முழுக்க இருந்த ஒரு தலைமுறை, அடுத்ததே லாரியிலும் தொழிற்சாலை நாற்காலியிலும் உட்கார்ந்த தலைமுறை. ஒரே குடும்பம், ஒரே சமையல். இதைவிட நல்ல ஆய்வுக்களம் எங்கே கிடைக்கும்? நம் பல்கலைக்கழகங்கள் இதற்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

சரி, வீட்டுக்கு வருவோம். என் அம்மாவுக்கு இனிப்பு நீர், மாத்திரை மட்டும்தான். இரண்டு நாள் ஒரே அளவு சோறு, ஒரே சாம்பார், ஒரே மீன். முதல் நாள் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தோம், 12.6 மில்லிமோல். அடுத்த நாள் சாப்பிட்டதும் இருபது நிமிடம், வீட்டு வாசலிலிருந்து செம்பனை ஓரச் செம்மண் பாதையில் மெதுவாக நடந்து வந்தார். அதே ஒரு மணி நேரத்தில் 10.1. ஒரு ஆளின் இரண்டு நாள் அளவு எதையும் நிரூபிக்காது, தெரியும். ஆனால் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா, "நடந்தா கொறையுதே!" என்று சொன்ன குரல் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அன்றிலிருந்து அவரை நடக்கச் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

அதனால் தம்பி, ஜிம்மில் சேரும் வரை காத்திருக்காதீர்கள். சாப்பிட்ட பிறகு நடப்பதுதான் முதல் படி. அடுத்து, பெரிய தசைகள். உடம்பின் பெரிய கிடங்குகள் தொடையிலும் பிட்டத்திலும் இருக்கின்றன, எல்லாரும் கையைத்தான் முதலில் பெருக்கப் பார்க்கிறார்கள். சமையலறை நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுங்கள், பத்து முறை. கொஞ்சம் இளைப்பாறிவிட்டு மறுபடி பத்து. சுவரில் கை வைத்துத் தண்டால். அது சுலபமானதும் மேசை விளிம்பில், அப்புறம் தரையில். 5 லிட்டர் எண்ணெய் கேனில் தண்ணீர் நிரப்பினால் ஐந்து கிலோ எடை தயார். 10 கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தால் அதுவும் எடைப் பயிற்சிதான். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான அசைவும் இரண்டு நாள் தசைப் பயிற்சியும்.

ஜிம்மில் சேர்ந்தால் முதல் சில வாரம் பலம் கூடும், சதை கூடாது. அதைப் பார்த்துப் பலர் மனம் விட்டுவிடுகிறார்கள். முதலில் பழகுவது நரம்பு. இருக்கிற தசை நார்களை ஒரே நேரத்தில் எழுப்ப அது கற்றுக்கொள்கிறது, தசை பருமனாவது அப்புறம்தான். ஒவ்வொரு சுற்றிலும் எட்டிலிருந்து பன்னிரண்டு முறை தூக்க முடிகிற எடையை எடுங்கள், கடைசி இரண்டு கடினமாக இருக்க வேண்டும். அது சுலபமானால் எடையைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

பெண்கள் எடை தூக்கினால் உடம்பு ஆம்பிளை மாதிரி ஆகிவிடும் என்று இன்னும் சொல்கிறார்கள். கேட்கவே வேதனையாக இருக்கிறது. தசையைப் பெருக்கும் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அளவு பெண்களுக்கு ஆண்களுடையதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, அப்படியெல்லாம் ஆகாது. காண்டா சுமந்த நம் பாட்டிமார் யாரும் ஆம்பிளையாகிவிடவில்லை. அதேபோல உடம்பில் பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டு ஓடினால் கொழுப்பு கரையும் என்பதும் பொய். போவது தண்ணீர் மட்டும், நம் ஊர் வெயிலில் அது ஆபத்தும்கூட.

சாப்பாடு பற்றி நீட்ட ஒன்றுமில்லை. சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செபாரோ' (மலாயில் கால், கால், பாதி) தட்டே போதும்: கால் தட்டு சோறு, கால் தட்டு மீன், முட்டை, கோழி, சோயாவில் செய்த தெம்பே, தௌகுவா, பாதித் தட்டு காய்கறியும் பழமும். தசை வளரப் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் தெம்பேயில் ஏறத்தாழ 19 கிராம். டப்பாவில் விற்கும் மாவுக்கு நூறு வெள்ளிக்கு மேல் கொடுக்கும் முன், பசாருக்குப் போய்த் தெம்பே விலையைக் கேட்டுப் பாருங்கள். காலையில் தே தாரிக் குடிப்பவர்கள், அதை 'கூராங் மானிஸ்' (இனிப்பு குறைவாக) என்று சொல்லிப் பழகலாம்.

எச்சரிக்கை ஒன்று. இன்சுலின் ஊசியோ, கணையத்தை இன்சுலின் விடவைக்கும் கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்கு இரண்டு சாவியும் ஒரே நேரத்தில் திரும்பும், சர்க்கரை தேவைக்கு மேல் இறங்கிவிடலாம். மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், பையில் இனிப்பு வைத்திருங்கள். பாதம் மரத்துப் போனவர்கள் செருப்பை விட்டுச் சப்பாத்து போட்டு நடங்கள், வந்ததும் புண் இருக்கிறதா என்று பாதத்தைப் பாருங்கள். நெஞ்சு வலித்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

இதையெல்லாம் சுருக்கமாகச் சொல்லி அனுப்பினேன். நேற்று பதில் வந்தது. ஆலை வாசலில் நிறுவைக்காக லாரிகள் வரிசையில் நிற்கும்போது, இருக்கையைச் சாய்த்துப் படுத்திருப்பாராம். இப்போது இறங்கி, படிக்கட்டில் வலது கால் பதினைந்து, இடது கால் பதினைந்து என்று ஏறி இறங்குகிறாராம். "பின்னால நிக்கிற ரெண்டு டிரைவருங்களும் இறங்கிட்டாங்க டீச்சர்" என்றார்.