நீச்சல் பந்தய உடையை ஒரு சைஸ் பெரிதாக வாங்காதீர்கள்

பள்ளிச் சீருடை எடுக்கும்போது "வளர்கிற பிள்ளை, ஒரு சைஸ் பெரிதாகவே எடுங்கள்" என்பது நம் வீடுகளில் வழக்கம். இரண்டு வருடம் உழைக்க வேண்டிய சட்டைக்கும் பாவாடைக்கும் அது நியாயமான கணக்கு. அதே கணக்கை நீச்சல் பந்தய உடைக்கும் போடுவதுதான் என் கவலை. சேலத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் பயிற்சி அளிக்கிறேன். மாவட்ட அளவிலான போட்டிகளில் என் கண்ணில் அதிகம் படுகிற குறை கை வீச்சிலோ மூச்செடுப்பதிலோ இல்லை, தொளதொளவென்று தொங்கும் உடையில் இருக்கிறது.

தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. அதில் நீந்தும் வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். பந்தயத்தில் ஒரு பிள்ளையின் வேகம் உச்சத்தில் இருப்பது டைவ் அடித்துத் தண்ணீருக்குள் நுழையும் கணத்தில்தான். அப்போது உடையின் கழுத்து தளர்ந்திருந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து மார்புக்கு முன்னால் பையாகத் தேங்கி இழுக்கும். ஒவ்வொரு டர்னிலும் சுவரை உதைத்துக் கிளம்பும்போது இதே இழுப்பு மறுபடியும் வரும். மாதக்கணக்கில் விடியற்காலையில் எழுந்து வந்து பிள்ளை குறைத்த நேரமெல்லாம் இப்படிப் பறிபோகிறது. துணி நனைந்ததும் இன்னும் இளகும் என்பதையும் மறக்கக் கூடாது. கடையில் உலர்ந்த நிலையில் வசதியாக இருக்கும் உடை, குளத்தில் தளர்ந்துவிடும். பந்தய உடை போட்டுப் பார்க்கும்போதே சற்று இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளின் உடையில் மார்பளவை மட்டும் பார்த்து வாங்குவதால் வரும் சிக்கல் ஒன்று உண்டு. ஒரே மார்பளவுள்ள இரண்டு சிறுமிகளின் உடல் நீளம் ஒன்றாக இருப்பதில்லை. அளவு நாடாவைத் தோளில் வைத்து, முன்பக்கமாக இறக்கி, காலிடுக்கு வழியாகப் பின்னால் ஏற்றி, அதே தோளில் கொண்டுவந்து முடியுங்கள். அந்தச் சுற்றளவுதான் உடையின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. பெரிய நிறுவனங்களின் அளவுப் பட்டியலில் இதற்கும் தனி வரிசை இருக்கும். தோள்பட்டை அழுந்திச் சிவந்த தடம் விழுந்தால் உடை நீளத்தில் குறைவு என்று பொருள், அடுத்த அளவைப் பாருங்கள். கடையிலேயே பிள்ளையை இரண்டு கைகளையும் காதோடு ஒட்டித் தூக்கி, விரல் நுனிவரை நீட்டச் சொல்லுங்கள். பிறகு முன்னால் குனியச் சொல்லுங்கள். குனியும்போது கழுத்துப் பகுதி உடம்பை விட்டு விலகினாலோ, முதுகின் கீழ்ப்பகுதியில் துணியைக் கிள்ளி எளிதாகத் தூக்க முடிந்தாலோ, அந்த உடை பெரிது.

ஏற்காட்டு விடுதியில் விடுமுறைக் குளியலுக்கென்று வாங்கிய உடையோடு பயிற்சிக்கு வரும் சிறுமிகள் பலர். இடுப்பைச் சுற்றிக் குட்டிப் பாவாடையும் கையில் சுருக்கும் வைத்த உடைகள் அவை. விளையாட அவை போதும். பந்தயத்திலோ அந்தப் பாவாடை முழுக்கத் தண்ணீரைப் பிடித்து இழுக்கும். உள்ளே பருத்தி உள்ளாடை அணிந்து, மேலே நீச்சலுடை போடும் பழக்கமும் இங்கே பரவலாக இருக்கிறது. பருத்தி தண்ணீரை உறிஞ்சிக் கனக்கும், தொடை இடுக்கில் உரசிப் புண்ணாக்கும். பந்தய உடைகளில் பெரும்பாலானவை உள்துணி தைத்தே வருகின்றன. சர்வதேச விதியும் ஒரே ஒரு நீச்சலுடையைத்தான் அனுமதிக்கிறது, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அணிய முடியாது.

பையன்களுக்குத் தேர்வு எளிது. இடுப்பிலிருந்து முழங்காலுக்குச் சற்று மேல்வரை உடம்போடு ஒட்டிப் பிடிக்கும் ஜாமர் எல்லாப் பந்தயங்களுக்கும் பொருந்தும். இடுப்பின் உள்ளே இருக்கும் நாடாவை இறுக்கிக் கட்டி, முனைகளை உள்ளே செருகிய பிறகே, டைவ் அடிக்கும் மேடையான பிளாக்கில் ஏற வேண்டும்.

ஓமலூர், எடப்பாடிப் பக்கங்களிலிருந்து வரும் பிள்ளைகளில் சிலர் கிணற்றில் நீந்தப் பழகியவர்கள். இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிப் பெரியவர்கள் இறக்கிவிட, தானாகக் கைகால் அடித்துக் கற்றவர்கள். அவர்களுடைய தோள் வலுவும் தண்ணீர்ப் பயமின்மையும் குளத்தில் மட்டும் பழகிய பிள்ளைகளுக்கு வர நாளாகும். அப்படிப்பட்ட பையன் பருத்தி அரைக்கால் சட்டையோடு முதல் போட்டிக்கு வந்து பின்தங்கும்போது, அவனுக்குத் திறமை இல்லை என்று மேடையில் உட்கார்ந்திருப்பவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். விலை குறைந்த சாதாரண ஜாமர் ஒன்று போதும், அவன் உண்மையில் எங்கே நிற்கிறான் என்பது தெரிந்துவிடும். பள்ளி உடற்கல்வி ஆசிரியர்கள் இதை மனத்தில் வைத்து, பள்ளியிலேயே இரண்டு மூன்று அளவுகளில் வாங்கி வைத்தால் பெரிய உதவி.

இனி நான் மிகவும் அக்கறையோடு சொல்ல நினைப்பது பெண் பிள்ளைகளைப் பற்றி. பத்து வயதுவரை மீனாகத் துள்ளியவர்கள், பன்னிரண்டு பதின்மூன்றில் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். "படிப்பு அதிகம்" என்று வீட்டில் காரணம் சொல்வார்கள். தனியாக உட்கார்ந்து பேசினால், தொடை தெரிகிற உடையில் ஊரார் முன்னால் நிற்க அவளுக்குக் கூச்சம், அல்லது உறவினர் ஒருவர் ஏதோ சொல்லிவிட்டார் என்பது வெளியே வரும். பெண் பயிற்சியாளர் என்பதால் தாய்மார்கள் என்னிடம் இதைத் தயங்காமல் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: 2010 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் சர்வதேச விதிப்படி பெண்களின் நீச்சலுடை தோளிலிருந்து முழங்கால்வரை இருக்கலாம். ஒலிம்பிக் இறுதிப் போட்டிகளில் உலகின் மிக வேகமான பெண்கள் அணிந்து நீந்துவதும் முழங்கால்வரை நீளும் உடையைத்தான். உடம்பை மூடுவதா, வேகமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை நம் பெண் பிள்ளைகளுக்கு இல்லை. அதே நீளத்தில் பயிற்சிக்கான எளிய உடைகளும் கிடைக்கின்றன. இந்த ஒரு தகவல் உரிய வயதில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், நல்ல நீச்சல் வீராங்கனைகள் பலர் குளத்திலேயே இருப்பார்கள்.

அந்த வயதில் மாதவிடாய் பற்றிய பேச்சும் சேர்ந்தே வரும். அடர்நிற உடை பிள்ளைக்கு மனத் துணிவு தரும். எந்த ஏற்பாடு வசதி என்பதைப் போட்டிக்கு முன்பே, அம்மாவும் மகளும் அவசரமில்லாமல் பேசி முடிவு செய்யட்டும். நிறத்தையும் நீளத்தையும் அவளே தேர்ந்தெடுக்க விடுங்கள். உடையை இழுத்துவிட்டுக்கொண்டே பிளாக்கில் நிற்கும் பெண்ணின் கவனம் விசில் மேல் இருக்காது.

விலை உயர்ந்த உடை வாங்கினால் ஜெயிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு வரலாற்றிலிருந்தே பதில் இருக்கிறது. 2008 பிப்ரவரியில் ஸ்பீடோ நிறுவனம் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகைப் பட்டைகள் பதித்த எல்.இசட்.ஆர். ரேசர் உடையை வெளியிட்டது. அந்த ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் உலகச் சாதனைகள் பல முறியடிக்கப்பட்டன. அடுத்து முழுக்கப் பாலியூரித்தேனிலேயே உடைகள் வந்தன. 2009 ரோம் உலகச் சாம்பியன்ஷிப்பில் மட்டும் 43 உலகச் சாதனைகள். அந்த உடைகள் உடம்பை இறுக்கிச் சீராக்கின, மிதக்கவும் உதவின. நீந்துபவரைவிட உடை முக்கியமாகிவிட்டதால்தான் விதி மாறியது: நெய்த அல்லது பின்னிய துணி மட்டுமே, தடிமன் 0.8 மில்லிமீட்டருக்குள், ஜிப் கூடாது, ஆண்களுக்கு தொப்புளுக்குக் கீழிருந்து முழங்கால்வரை மட்டும். ஆகவே இன்று பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் விற்கும் உயர்நிலைப் பந்தய உடையும் இந்த வரம்புக்குள் இருப்பதுதான். தசையை இறுக்கிப் பிடித்து, தண்ணீரை ஒட்டவிடாமல் கொஞ்சம் உதவும். சில போட்டிகளிலேயே அந்த இறுக்கம் தளர ஆரம்பித்துவிடும்.

பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அது தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்க நீச்சல் அமைப்பு 12 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் இத்தகைய உடையைப் போட்டியில் அணிவதை 2020 செப்டம்பரிலிருந்து தடை செய்தது. அந்த வயதில் டர்னைத் திருத்தினாலே நொடிக்கணக்கில் குறையும். மாநில அளவுக்கு மேல் போகும் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைக்கு வாங்கலாம். அப்போது உடையின் பின்புறம் சர்வதேச நீச்சல் அமைப்பின் ஒப்புதல் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், போட்டி அறிவிப்பில் அது கட்டாயமா என்பதையும் படித்துவிடுங்கள்.

நீந்தும் முறைக்கு ஏற்பவும் தேர்வு கொஞ்சம் மாறும். பட்டர்ஃபிளைக்கும் ஃப்ரீஸ்டைலுக்கும் தோள் தடையின்றிச் சுழல வேண்டும், அதற்கு முதுகு திறந்த, பட்டை மெலிந்த உடை நல்லது. பிரெஸ்ட் ஸ்ட்ரோக் நீந்துபவருக்கு இடுப்பும் முழங்காலும் மடங்கி விரிய வேண்டியிருப்பதால், தொடையில் மிகவும் இறுக்கும் உடை உதையைச் சுருக்கிவிடும். போட்டுக்கொண்டு தவளை உதையைச் செய்து பார்த்தே வாங்க வேண்டும்.

பயிற்சிக்குப் பந்தய உடையைப் போடாதீர்கள். அதை இழுத்துப் பிடிக்கும் லைக்ரா இழையைக் குளத்து குளோரின் மெல்ல அரிக்கும். பாலியெஸ்டர் துணி குளோரினைத் தாங்கும் என்பதால் தினசரிப் பயிற்சிக்கு அதுதான் சரி. குளத்தில் இறங்கும் முன் ஷவரில் உடையை நனைத்துக்கொண்டால் குளோரின் தண்ணீர் உள்ளே ஏறுவது குறையும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, முறுக்காமல் துண்டில் அமுக்கி, நிழலில் உலர்த்துங்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மொட்டை மாடிக் கொடியில் போட்டால் இழை சீக்கிரம் விட்டுப்போகும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைப்பதும் கெடுதல்.

புது உடையைப் பந்தய நாளில் முதல்முறையாக அணியக் கூடாது. சென்னை வேளச்சேரிக் குளத்துக்கு மாநிலப் போட்டிக்குப் போகிறவர்கள், ஒரு வாரம் முன்பே இங்கு அதை அணிந்து சில டைவும் டர்னும் செய்து பார்த்துவிடுங்கள். இறுக்கமான உடையை ஏற்றவே கால் மணி நேரம் பிடிக்கும். நகத்தால் இழுத்தால் துணி கிழியும், விரல் நுனிச் சதையால் கொஞ்சம் கொஞ்சமாக மேலேற்ற வேண்டும். பழைய உடை ஒன்றையும் பையில் வையுங்கள், பந்தயத்துக்குப் பெயர் கூப்பிடும் நேரத்தில் தையல் விட்டுப்போனால் அதைப் போட்டுக்கொண்டு இறங்கிவிடலாம்.