ஷாட் மீனின் செதிலும் வாங்கிய முடியும்

ஷாட் என்ற கடல்மீனைச் சுத்தம் செய்தவர்களுக்கு இது கையாலேயே தெரியும். தலையிலிருந்து வால் பக்கம் தடவினால் விரல் வழுக்கிக்கொண்டு போகும். எதிர்த்திசையில் தடவினால் செதில் தடுக்கும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் வீட்டுப் பின்பக்கத் தொட்டியில் மீன் கழுவும்போது என் அக்கா மகளுக்கு இதைத்தான் காட்டினேன். கல்யாணத்துக்கென்று ஆசையாக அவள் வாங்கிய, சொந்த முடியோடு சேர்த்துக்கொள்ளும் முடி எக்ஸ்டென்ஷன், மூன்றாம் முறை அலசியதும் சிக்குப் பந்தாகிவிட்டது. "நான்தான் தப்பாக் கழுவிட்டேன் போல, சித்தி" என்று வந்து நின்றாள். தப்பு அவள்மேல் இல்லை.

நம் தலைமுடியின் மேலும் செதில்கள் உண்டு. கூரை ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக 6 முதல் 10 அடுக்கு வரை இருக்கும். எல்லாவற்றின் விளிம்பும் நுனியைப் பார்த்திருக்கும். அதற்கு மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கொழுப்புப் பூச்சு ஒன்று உண்டு. உள்ளே இருப்பது கெரட்டின் என்ற புரத நார். சந்தேகம் இருந்தால் உங்கள் தலையில் ஒரு முடியைப் பிடுங்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நீளவாக்கில் முன்னும் பின்னும் தேய்த்துப் பாருங்கள். முடி மெல்ல நகரும். நகர்வது எப்போதும் வேர்ப் பக்கமாகத்தான். புடவை ஓரத்தில் ஒட்டிய புல் தானாக மேலே ஏறுகிறதே, அதே கதை.

தலையில் இருக்கும்வரை எல்லா முடிக்கும் வேர் ஒரே பக்கம். வெட்டும்போது கொத்தாகக் கட்டி வெட்டினால் அந்த ஒழுங்கு கெடாது. அதைத்தான் கடையில் 'ரெமி' என்கிறார்கள். சீப்பில் உதிர்ந்த முடியைச் சேர்த்தால் வேரும் நுனியும் கலந்துவிடும். பக்கத்துப் பக்கத்து முடிகளின் செதில்கள் எதிரெதிராக நின்று, ஒன்றை ஒன்று கொக்கி போட்டுக்கொள்ளும். எங்கள் ஆயா உதிர்ந்த முடியைச் சுருட்டிச் சுருட்டி டப்பாவில் சேர்த்து சவுரி கட்டிக்கொண்டவர். அந்தச் சவுரி எப்போதும் சிக்குப் பிடித்தே கிடக்கும். காரணம் இதுதான்.

தொழிற்சாலைகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. கலந்த முடியை அமிலத்தில் ஊறவைத்துச் செதிலை அரித்து எடுத்துவிட்டு, மேலே சிலிக்கோன் பூசுகிறார்கள். கடையில் பார்க்கும்போது பட்டு போல மின்னும். சில முறை அலசியதும் சிலிக்கோன் போய்விடும், அடியில் இருப்பது செதில் இல்லாத சொரசொரப்பான முடி. அக்கா மகளுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். அவள் வாங்கிய கொத்திலிருந்து இரண்டு மூன்று முடி உருவி விரலில் தேய்த்தோம். ஒன்றுகூட ஒரு பக்கமாக நகரவில்லை. நல்ல ரெமி முடியாக இருந்தால் தைத்த பக்கம் நோக்கி ஏறியிருக்கும். பணம் கொடுப்பதற்கு முன்னால் கடையிலேயே இதைச் செய்து பாருங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கடைப் பலகையில் 'பிரேசிலியன்', 'பெருவியன்' என்று எழுதியிருக்கும். அவை பெரும்பாலும் ஊர்ப் பெயர் இல்லை, சுருளின் பெயர். பழனியிலோ திருப்பதியிலோ ஒரு பெண் நேர்ந்துகொண்டு இறக்கிய முடி ஏலம் போய், பல கை மாறி, இங்கே வேறு நாட்டின் பெயரில் தொங்கலாம். கொடுத்தவருக்கு அதில் ஒரு காசும் போவதில்லை. அந்த முடியை நாம் நான்கு வாரத்தில் குப்பையில் போடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

சரி, சுருள் எங்கிருந்து வருகிறது? முடி முளைக்கும் குழி நேராக இருந்தால் முடியும் நேராக வளரும். குழி வளைந்திருந்தால் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே மாதிரி உருவாகாது, முடி சுருளும். அவ்வளவுதான் வேறுபாடு. இந்த நாட்டில் அதை வைத்து மனிதர்களைப் பிரித்தார்கள். 1950ஆம் ஆண்டின் மக்கள் பதிவுச் சட்டத்தின் காலத்தில், முடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்க்கும் சோதனை ஒன்று இருந்தது. பென்சில் விழுந்தால் ஓர் இனம், நின்றால் வேறு இனம். ஒரே வீட்டுப் பிள்ளைகள் வேறு வேறு இனமாக எழுதப்பட்டார்கள். தோலுக்குள் இருக்கும் ஒரு சின்னக் குழியின் வளைவுக்கு இத்தனை விலை!

எக்ஸ்டென்ஷனில் சுருள் இரண்டு வகை. ஒன்று பிறவிச் சுருள். இன்னொன்று நேரான முடியைக் கம்பியில் சுற்றி நீராவியில் வேகவைத்து உண்டாக்கியது. கடைகளில் கிடைக்கும் இறுக்கமான சுருளில் பெரும்பகுதி இரண்டாம் வகை. கெரட்டினுக்குள் இருக்கும் கட்டுகளில் இரண்டு விதம் இங்கே முக்கியம். ஹைட்ரஜன் கட்டு தண்ணீர் பட்டால் அவிழும், காய்ந்தால் மறுபடி விழும். கந்தகக் கட்டு தண்ணீருக்கு அசையாது. நீராவி இரண்டையுமே கொஞ்சம் இடம் மாற்றி வைக்கிறது. அதனால் ஆவிச் சுருள் அலசினால் போகாது, இஸ்திரிக் கம்பி பட்டால் தளர்ந்துவிடும். அப்புறம் பழைய சுருள் முழுசாகத் திரும்பாது. 200 டிகிரிக்கு மேல் சூடு போனால் கெரட்டினே சிதையும். நேர் முடிக்கும் 180ஐத் தாண்ட வேண்டாம் என்பேன்.

உங்கள் தலையில் வளரும் முடியும் உயிரில்லாததுதான். ஆனால் அதற்கு மண்டைத்தோல் எண்ணெய் கொடுக்கிறது, கெட்டதற்குப் பதில் புதிது வளர்கிறது. வாங்கிய முடிக்கு இரண்டும் இல்லை. எண்ணெய்ப் பசையை நாம்தான் கொடுக்க வேண்டும்.

நேர் முடியை நுனியிலிருந்து தொடங்கி மேலே மேலே சீவினால் போதும். அலை முடிக்கும் சுருள் முடிக்கும் காய்ந்த சீப்பு ஆகாது. ஒவ்வொரு வளைவிலும் செதில் கொஞ்சம் தூக்கி நிற்கும், சீப்பு அங்கேதான் மாட்டும். கண்டிஷனர் போட்டு ஈரமாக இருக்கும்போது விரலாலோ அகலப் பல் சீப்பாலோ பிரிக்க வேண்டும். ஈர முடி ரப்பர் போல நீளும், வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். மிக இறுக்கமான சுருளைத் தினமும் தண்ணீர் தெளித்து நனைத்து, இரவில் தளரப் பின்னி, சாட்டின் துணி கட்டிப் படுப்பது நல்லது. பருத்தித் தலையணை முடியை உரசும், ஈரப்பசையையும் உறிஞ்சும். குளியல் சோப்பு எந்த முடிக்கும் வேண்டாம். அதன் காரம் செதிலைத் தூக்கிவிடும்.

தேங்காய் எண்ணெயை நம் வீடுகளில் சும்மா தேய்க்கவில்லை. 2003இல் வெளியான ஆய்வு ஒன்றில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். அலசும்போது முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைத் தெளிவாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதன் மூலக்கூறு சிறியது, நீண்டு நேராக இருப்பது, முடிக்குள்ளேயே நுழைகிறது. அலசுவதற்கு முன் நடுப்பகுதியிலும் நுனியிலும் கொஞ்சம் தடவுங்கள். டேப், பசை வைத்து ஒட்டிய இடத்தில் மட்டும் படக்கூடாது, ஒட்டு இளகிவிடும்.

கடைசியாக நம் ஊர்க் காற்று. முடி தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை தண்ணீர் குடிக்கும். டர்பன் கோடையில் காற்றே போதும், அவிழக்கூடிய கட்டுகளை அவிழ்த்துவிட. காலையில் நேராக்கிய முடி மத்தியானத்துக்குள் உப்பிவிடுவது அதனால்தான். அதே முடியை ஜோகன்னஸ்பர்க் குளிர்காலத்தில் கட்டிப் பாருங்கள், காற்று வறண்டு மின்னேறிப் பறக்கும், நுனி முறியும். டர்பனில் நம் கவலை, முடி சரியாகக் காயாமல் போவது. தலையில் தைத்த முடியின் அடியில் இருக்கும் பின்னல் வெளியே காய்ந்த பிறகும் ஈரமாகவே இருக்கும். அப்படியே படுத்தால் இரண்டு நாளில் பூஞ்சை வாடை வரும். விரலைத் தையலுக்கு அடியில் விட்டு, தொட்டுப் பார்த்து, மின்விசிறி முன்னால் உட்காருங்கள். இங்கே கோடையான பிப்ரவரி மாதமென்றால் ராத்திரி தலைக்கு ஊற்றவே வேண்டாம், காலையில் ஊற்றுங்கள்.