முன்கண்ணாடி புதிது, கேமரா பார்ப்பது சரியா?

காரின் முன்கண்ணாடியை அண்மையில் மாற்றியவர்கள் அந்த பில்லை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். கண்ணாடியின் விலை, பசை, ஓரத்து ரப்பர், கூலி, ஜிஎஸ்டி என்று வரிசையாக இருக்கும். உங்கள் வண்டியில் ரியர்வியூ மிரருக்குப் பின்னால் கேமரா இருக்கிறது என்றால், 'கேமரா காலிபரேஷன்' (கேமரா பார்க்கும் கோணத்தை அளந்து திருத்தும் வேலை) என்று இன்னொரு வரியும் இருந்தாக வேண்டும். கண்ணாடியும் கேமராவும் சார்ந்த வேலை பார்க்கும் எங்கள் அம்பத்தூர்ப் பணிமனைக்கு வருகிற பல பில்களில் அந்த வரியைக் காணோம்.

2021-இல் எம்ஜி ஆஸ்டரும் மகிந்திரா எக்ஸ்யூவி 700-ம் வந்தபோது, ஓட்டுநர் உதவி வசதிகள் சொகுசுக் கார்களுக்கு மட்டுமே உரியவை என்ற நிலை மாறத் தொடங்கியது. இன்று வெர்னா, கிரெட்டா, வென்யூ, செல்டோஸ், ஹோண்டா சிட்டி, எலிவேட், ஹாரியர் என்று நடுத்தரக் குடும்பங்கள் கடன் போட்டு வாங்கும் வண்டிகளின் உயர் வகைகளில் அவை வந்துவிட்டன. முன்னால் போகிற வண்டியை இடிக்கப் போகிறோம் என்றால் தானே பிரேக் போடுவது, தடத்தை விட்டு விலகினால் ஸ்டீயரிங்கை மெல்லத் திருப்பி உள்ளே கொண்டுவருவது, எதிரே வண்டி வந்தால் ஹைபீமைத் தணிப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் தகவல் கொடுப்பது அந்தச் சின்னக் கேமராதான். சில வண்டிகளில் துணைக்கு முன்பக்கத்தில் ஒரு ரேடாரும் இருக்கும். ஹோண்டா சிட்டி, எலிவேட் இரண்டிலும் முன்னே பார்க்கும் வேலை முழுவதும் கேமராவுடையது.

பலருக்கும் தெரியாத செய்தி, இந்தக் கேமரா பெரும்பாலான வண்டிகளில் காரின் உடம்போடு பொருத்தப்பட்டிருப்பதில்லை என்பது. கண்ணாடியின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஒரு பிராக்கெட்டில்தான் அது மாட்டப்பட்டிருக்கிறது. பழைய கண்ணாடியோடு பழைய பிராக்கெட்டும் போய்விடுகிறது. புதிய கண்ணாடியில் பிராக்கெட் ஒட்டியிருக்கும் கோணம் ஒரு மயிரிழை மாறலாம். கண்ணாடி உட்காரும் சட்டத்தில் இடும் பசையின் கனம் ஒரு பக்கம் சற்று கூடலாம். எவ்வளவு கைதேர்ந்தவர் மாட்டினாலும் பழைய இடத்திலேயே, பழைய சாய்விலேயே கேமரா உட்காரும் என்று உறுதி சொல்ல முடியாது.

மயிரிழைதானே என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். கேமரா பக்கவாட்டில் ஒரே ஒரு டிகிரி திரும்பியிருந்தால், 50 மீட்டர் தூரத்தில் அது குறிவைக்கும் இடம் ஏறக்குறைய 87 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். 100 மீட்டரில் 1.75 மீட்டர். நம் தேசிய நெடுஞ்சாலையில் ஒரு தடத்தின் அகலமே 3.5 மீட்டர்தான். அதாவது பக்கத்துத் தடத்தில் போகிற லாரி உங்கள் தடத்தில் போவதாகக் கேமரா நினைக்கலாம். உங்களுக்கு நேர் முன்னால் போகிற பைக் பக்கத்துத் தடத்தில் போவதாகவும் நினைக்கலாம்.

மேல்கீழ்ச் சாய்வு இன்னும் மோசம். ஒற்றைக் கேமரா தூரத்தைக் கணிக்கும் வழிகளில் ஒன்று, முன்னால் உள்ள வண்டியின் சக்கரம் தரையைத் தொடும் இடத்தை எந்தக் கோணத்தில் பார்க்கிறோம் என்பது. கேமரா தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 40 மீட்டர் தூரத்தில் உள்ள வண்டியை, அரை டிகிரி பிழையோடு பார்க்கும் கேமரா, இந்தக் கணக்கை மட்டும் நம்பினால், 55 மீட்டர் என்று எடுத்துக்கொள்ளும். பிழை எதிர்ப்பக்கமாக இருந்தால் 32 மீட்டர் என்று எடுத்துக்கொள்ளும். 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. 15 மீட்டர் பிழை என்றால் முக்கால் நொடிக்குச் சற்றே குறைவு. பிரேக் போடும் நேரத்தில் முக்கால் நொடி என்ன செய்யும் என்பதை சென்னையின் ஜிஎஸ்டி நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பெரும்பாக்கத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். வெளிவட்டச் சாலையில் எம்சாண்ட் லாரியிலிருந்து தெறித்த கல்லால் கண்ணாடி விரிந்து, வேறொரு கடையில் மாற்றியிருந்தார். அதன் பிறகு பல்லாவரம் – துரைப்பாக்கம் சாலையில் முன்னால் ஒன்றுமே இல்லாதபோது வண்டி சடாரென்று பிரேக் போட்டிருக்கிறது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் திட்டியதை அவர் அப்படியே சொன்னார். அதை இங்கே எழுத முடியாது.

"டாஷ்போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லையே, அண்ணே. அப்படியென்றால் கேமரா சரியாகத்தானே இருக்க வேண்டும்?" என்றார்.

"கேமரா சரியாகத்தான் இருக்கிறது, சார். அது எங்கே பார்க்கிறது என்பதுதான் சரியில்லை" என்றேன்.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். கேமராவின் இணைப்பு விட்டுப்போனால், அல்லது கேமராவே பழுதானால், எச்சரிக்கை விளக்கு எரியும். ஆனால் எல்லா இணைப்பும் ஒழுங்காக இருந்து, கோணம் மட்டும் மாறியிருந்தால் விளக்கு எரியாமலே போகலாம். கண்ணாடி மாற்றப்பட்டது என்பதே பல வண்டிகளின் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பழைய கோணத்தையே உண்மை என்று நம்பிக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். தராசு முள் நடுவில் நிற்கிறதா என்று பார்க்காமல் காய்கறியை நிறுத்துக்கொண்டே இருப்பது போலத்தான். விளக்கு எரியவில்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி 'எல்லாம் ஓகே சார்' என்று சாவியைக் கையில் கொடுப்பவரை நான் நம்ப மாட்டேன்.

பெரும்பாக்கத்துக்காரரின் வண்டிக்குச் செய்ததைச் சொல்கிறேன், காலிபரேஷன் என்பது வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனரில் ஒரு பொத்தானை அழுத்துவது அல்ல என்பது புரியும். முதலில் டிக்கியைத் திறந்தோம். ஒரு அரிசி மூட்டை, இரண்டு தண்ணீர்க் கேன், பிள்ளையின் கிரிக்கெட் பை. எல்லாவற்றையும் இறக்கினோம். பின்பக்கம் கனத்தால் வண்டியின் மூக்கு தூக்கும். அந்தச் சாய்வையே கேமரா சரியான நிலை என்று கற்றுக்கொண்டுவிடும். அடுத்து நான்கு டயரிலும் கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்று. பிறகு ஸ்டீயரிங் நேராக நிற்கிறதா, வீல் அலைன்மென்ட் சரியா என்ற சோதனை. ஒரு பக்கம் இழுக்கிற வண்டியில் கேமராவைத் திருத்தினால் பிழையைப் பிழையோடு பூட்டியதாகிவிடும். தரை சமமாக இருக்க வேண்டும், நேர் வெயில் விழக்கூடாது, கண்ணாடியில் கறை இருக்கக்கூடாது.

அதன் பிறகுதான் இலக்குப் பலகை. வண்டியின் நடுக்கோட்டை முன்னும் பின்னும் தூக்குக் குண்டு விட்டுத் தரையில் குறித்து, நூல் பிடித்து, லேசர் கோட்டால் சரிபார்த்து, தயாரிப்பாளர் சொன்ன தூரத்தில், சொன்ன உயரத்தில் பலகையை நிறுத்துகிறோம். இந்தத் தூரமும் உயரமும் பலகையின் வடிவமும் வண்டிக்கு வண்டி மாறும். செல்டோஸுக்கு வைத்ததை ஹாரியருக்கு வைக்க முடியாது. ஸ்கேனரை இணைத்துக் கட்டளை கொடுத்தால், கேமரா பலகையைப் பார்த்துத் தன் புதிய கோணத்தைக் குறித்துக்கொள்கிறது. அது நடக்கச் சிறிது நேரமே போதும். அளந்து நிறுத்துவதில்தான் பொழுது போகிறது. "இதற்கா இவ்வளவு பணம், பலகையைத்தானே காட்டினீர்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களை நின்று பார்க்கச் சொல்வேன்.

சில வண்டிகளுக்குப் பலகை வேண்டாம், ஸ்கேனரை மாட்டிக்கொண்டு சாலையில் ஓட்ட வேண்டும். குறிப்பிட்ட வேகத்தில், தெளிவான தடக்கோடு உள்ள சாலையில், கேமரா தானே கற்றுக்கொள்ளும் வரை ஓட்ட வேண்டும். இன்னும் சில வண்டிகளுக்கு இரண்டுமே தேவை. சென்னைக்குள் தெளிவான தடக்கோட்டைத் தேடுவது தனிப் பிழைப்பு. மெட்ரோ வேலைக்கான தடுப்புகளும், தோண்டி மூடிய சாலையும், அழிந்த கோடும் உள்ள இடத்தில் இது முடியவே முடியாது. வெளிவட்டச் சாலைக்கோ, மதுரவாயல் தாண்டிப் புறவழிச் சாலைக்கோ, போக்குவரத்து குறைந்த காலை நேரத்தில் போகிறோம். கனமழை பெய்தால் அன்றைக்கு வேலை இல்லை.

ஆகவே, 'உங்கள் அடுக்குமாடி வாசலுக்கே வந்து கண்ணாடி மாற்றித் தருகிறோம்' என்பவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மாற்றுவதில் தவறில்லை, பலரும் நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் பலகை வைத்துச் செய்யும் காலிபரேஷனை வேளச்சேரியில் ஒரு சரிவான கீழ்த்தள நிறுத்துமிடத்தில், தூணுக்கும் பைக்குக்கும் நடுவில் எப்படிச் செய்வார்கள்? 'அதற்கு வண்டியை எங்கே கொண்டுபோவீர்கள்?' என்று கேளுங்கள். பதிலில் தடுமாற்றம் இருந்தால் யோசியுங்கள்.

கண்ணாடியைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். ஒரே மாடலின் அடிப்படை வகைக்கு ஒரு கண்ணாடி, கேமரா உள்ள வகைக்கு வேறு கண்ணாடி. மழை சென்சாருக்கான இடம், கேமராவின் முன் உள்ள தெளிவான பகுதி, பிராக்கெட் எல்லாம் மாறும். உதிரி பாகம் என்றால் நம் ஊரில் முதலில் வாயில் வருவது புதுப்பேட்டை. எனக்கும் அந்தச் சந்துகள் பிடிக்கும். ஆனால் கழற்றிய கண்ணாடியைக் கேமரா வண்டிக்கு வாங்க அங்கே போகாதீர்கள். கேமராவுக்கு நேர் முன்னால் கல் பட்ட சிறு புள்ளி என்றால், ரெசின் ஊற்றி அடைப்பதும் சரிவராது. நம் கண்ணுக்குத் தெரியாத அந்த வடு கேமராவுக்கு ஒளிச் சிதறலாகத் தெரியும். வேறு இடத்துப் புள்ளியை, அது விரிசலாக ஓடுவதற்குள் அடைத்துவிடலாம். கத்திரி வெயிலில் காய்ந்த கண்ணாடியின் மேல் ஏசியை முழு வேகத்தில் அடித்தால் அது ஓடத்தான் செய்யும்.

பசை பற்றி ஒரு வார்த்தை. கண்ணாடியை ஒட்டும் யூரிதேன் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும். சென்னையின் புழுக்கத்துக்கு நன்றி சொல்லக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் இது. பசைக் குழாயின் மேல் எவ்வளவு நேரம் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவு நேரம் வண்டியை எடுக்கக் கூடாது. அதற்கு முன்னால் காலிபரேஷனும் செய்யக் கூடாது. கண்ணாடி முழுதாக உட்காரும் முன் கோணத்தை அளந்து பயனில்லை. அவசரப்படுகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் சொல்வேன். விபத்தில் பக்கத்து இருக்கையின் ஏர்பேக் விரியும்போது பல வண்டிகளில் அது சாய்வது முன்கண்ணாடியின் மேல்தான். பசை இறுகாத கண்ணாடி அதைத் தாங்காது.

"நான் அந்த வசதிகளைப் பயன்படுத்துவதே இல்லை, நம் ஊர்ச் சாலைக்கு ஒத்துவராது" என்பவர்கள் நிறைய. நியாயமான பேச்சுதான். அண்ணா சாலையில் தட உதவியைப் போட்டுக்கொண்டு நானும் ஓட்ட மாட்டேன். ஆனால் அவசர பிரேக் வசதி பல வண்டிகளில் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் தானே இயங்கத் தொடங்கிவிடும். நீங்கள் பயன்படுத்தாவிட்டாலும் அது விழித்திருக்கிறது. இன்னொரு வாதம், 'ஓட ஓடக் கேமரா தானே சரிசெய்துகொள்ளும்' என்பது. சில கேமராக்கள் செய்யும், ஒரு சிறிய எல்லைக்குள் மட்டும். கண்ணாடி மாற்றினால் காலிபரேஷன் செய் என்று தயாரிப்பாளரின் பழுதுபார்ப்புக் கையேட்டில் இருந்தால் அதோடு வாதம் முடிந்தது.

சரியாகிவிட்டதா என்று பார்க்க, வீடியோக்களில் வருவது போல அட்டைப் பெட்டியை நிறுத்தி அதன் மேல் வண்டியை விடாதீர்கள். சுவரும் வேண்டாம், மைத்துனரும் வேண்டாம். வேலைக்கு முன்பும் பின்பும் எடுத்த ஸ்கேன் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். காலிபரேஷன் நிறைவேறியது என்று அதில் வண்டி எண்ணோடு, தேதியோடு இருக்க வேண்டும். பிறகு கோடு தெளிவாக உள்ள சாலையில் ஓட்டும்போது மீட்டர் திரையில் இரண்டு பக்கக் கோடும் தெரிகிறதா, தட உதவி வண்டியை ஒரு பக்கமாகவே ஒட்டி ஓட்டுகிறதா என்று கவனியுங்கள். கண்ணாடி மாற்றாவிட்டாலும், கேமராவைக் கழற்றி மாட்டினால், முன்பக்கம் இடிபட்டால், சஸ்பென்ஷனை மாற்றினால், இதே சோதனை தேவைப்படலாம். பம்பரைக் கழற்றினால் ரேடாரையும் பார்க்க வேண்டும்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் வரும் தொலைபேசி அழைப்புகளுக்குக் காலிபரேஷன் தேவையில்லை, ஈரத் துணி போதும். கண்ணாடியின் உச்சியில், கேமராவுக்கு நேராகச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு 'கேமரா மறைக்கப்பட்டுள்ளது' என்று வருகிறதே என்பார்கள். பொட்டைக் கொஞ்சம் கீழே வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. ஃபாஸ்டேக் வில்லையையும் கேமராவின் பார்வைப் பகுதியில் ஒட்டாதீர்கள். பழைய கண்ணாடியிலிருந்து உரித்தெடுத்த வில்லை வேலை செய்யாது, கண்ணாடி மாற்றும் அன்றே வங்கியிடம் மாற்று வில்லைக்குச் சொல்லிவிடுங்கள்.

காப்பீட்டில் கண்ணாடிப் பாகத்துக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. கட்டாயமாக நாம் ஏற்க வேண்டிய தொகை போக, விலை கிடைக்கும். நோ கிளெய்ம் போனஸ் போகுமா என்பது உங்கள் பாலிசியைப் பொறுத்தது, முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். காலிபரேஷன் கட்டணத்தைத் தொடக்கத்திலேயே மதிப்பீட்டில் தனி வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். தயாரிப்பாளரின் கையேட்டுப் பக்கத்தை நகலெடுத்து, சேதத்தை மதிப்பிட வரும் காப்பீட்டு சர்வேயரிடம் கொடுத்தால் பேச்சு குறையும். ஒப்புதல் வந்து, கண்ணாடியும் மாட்டிய பிறகு சேர்க்கச் சொன்னால், பெரும்பாலும் அந்தப் பணம் உங்கள் கையிலிருந்துதான் போகும்.