சொல் விளக்கம்: ஆல்பா சைனூக்ளின்

கை நடுக்கம் தரும் மூளை நோயான பார்க்கின்சன் நோயை உமிழ்நீரைக் கொண்டே முன்கூட்டிக் கண்டுபிடிக்கும் ஆய்வுகளைப் படித்தால் இந்தச் சொல் கட்டாயம் எதிர்ப்படும். நம் எல்லோருடைய நரம்பணுக்களிலும் இயல்பாக உள்ள ஒரு புரதத்தின் பெயர் இது.

1988-இல் மின் திருக்கை மீனை ஆராய்ந்தவர்கள் வைத்த பெயர். ஒரு நரம்பணு அடுத்ததற்குச் செய்தி கடத்தும் இடம் சினாப்ஸ். உயிரணுவின் உட்கரு நியூக்ளியஸ். இரண்டு இடத்திலும் இந்தப் புரதம் தென்பட்டதால் இரு சொல்லையும் ஒட்டிச் சைனூக்ளின் என்றார்கள். அது பெரும்பாலும் நரம்பணுக்களின் நுனியில்தான் இருக்கிறது என்பது அப்புறம் தெளிவானது. பெயர் நின்றுவிட்டது. பீட்டா, காமா என்ற வகைகளும் உண்டு. ஆல்பா என்பது அவற்றிலிருந்து பிரித்துக் காட்ட.

பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையணுக்களில் லூயி என்ற மருத்துவர் 1912-இல் விவரித்த உருண்டைத் திரள்களில் முக்கியமாக இருப்பது இதே புரதம்தான் என்று 1997-இல் தெரியவந்தது. அது தவறாக மடிந்து, அதாவது வடிவம் மாறி, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடுகிறது. தாடைக்கு அடியிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியின் நரம்புகளிலும் இப்படிப் படிவதால்தான் உமிழ்நீரில் தேடுகிறார்கள். குழாயில் நல்ல புரதத்தோடு நோயாளியின் உமிழ்நீரைச் சேர்ப்பார்கள். கெட்ட மடிப்பு துளியளவு இருந்தாலும், பாலில் விட்ட உறைமோர்போல மற்றதையும் தன் வழிக்கு இழுக்கும். கூடவே சேர்த்த சாயம் அந்தக் கட்டிகளில் ஒட்டி ஒளிரும். கை நடுங்கத் தொடங்குமுன்பே மூளையில் டோபமைன் என்ற, உடலசைவுக்கு வேண்டிய வேதிப்பொருளைச் சுரக்கும் அணுக்கள் நிறைய அழிந்துவிடுகின்றன. முன்கூட்டித் தெரிய வேண்டும் என்று தவிப்பது அதனால்தான். முதுகுத்தண்டு நீரில் இவ்வகைச் சோதனை நன்கு நிறுவப்பட்டிருக்கிறது. ஆனால் அதற்கு முதுகில் ஊசி குத்த வேண்டும்; உமிழ்நீருக்குத் துப்பினால் போதும். உமிழ்நீர்ச் சோதனை இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது. அதை நம்பி யாரும் மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? புரதப் பெயரைப் பிரித்து மொழிபெயர்த்தால் யாருக்கும் விளங்காது. சைனூக்ளின் என்றே எழுதலாம். சினாப்சுக்கு நரம்பிணைப்பு பொருந்தும். சோதனையை எச்சில் சோதனை என்று எழுதுவதைவிட உமிழ்நீர்ச் சோதனை என்பதே என் தேர்வு. எச்சிலில் மீதம், தீட்டு என்ற பொருள்களும் கலந்திருக்கின்றன. உமிழ்நீர், உமிழும் நீர் என்று நேராக நிற்கிறது. ஆனால் பெரியவர் ஒருவரிடம் குப்பியை நீட்டும்போது "ஐயா, இதில் எச்சில் துப்புங்க" என்பதே அவருக்குப் புரியும்.